குவைத்துக்குப் படம் போகாத நாள்

செத்துப்போன என் நைனாதான் கோபத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்று நம்பினேன். ஏதோ ஒரு நொடி வந்து போன நினைப்பு இல்லை அது. காலை ஒன்பதிலிருந்து பகல் பன்னிரண்டு வரைக்கும், மூன்று மணி நேரம், முழு மனதோடு நம்பினேன். ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் என் பொறுப்பு. எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு சேரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு வீடியோ ரெக்கார்டர் பெட்டியின் முன்னால் கைகூப்பி நின்று, "வுட்டுடு நைனா, பெரியவன் ஒரு தரம் பாத்துக்கட்டும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நைனாவுக்குக் கோபம் இருந்தது உண்மை. அம்மா போனபோது அண்ணன் வரவில்லை. குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தான். பாஸ்போர்ட் வீட்டுக்காரர் கையில். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அம்மா காத்திருக்க முடியுமா? எடுத்துவிட்டோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு நைனா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எனக்கும் அவன் வர மாட்டான், பாத்துக்கினே இரு." இதை யாரோ அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு போனில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர் புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில். தாத்தா காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நைனாவுக்குத்தான் அரசாங்கப் பட்டாவில் மேட்டு நிலம் வந்தது. மாங்கன்று வைத்தார். தண்ணீர் இல்லை. அதில் போர் போடுவதற்காக அண்ணன் கடல் தாண்டினான். நான் ரேணிகுண்டா ரயில்வே கேட்டைத் தாண்டினேன். எங்கள் வீட்டில் வீரம் அந்த அளவில்தான் பங்கு பிரிந்தது.

அம்மா போன ஆறாம் மாதம் அண்ணன் கேமரா வைக்கச் சொன்னான். நைனா தனியாக இருக்கிறார், அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னான். நைனா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அவன் தேடிய பதில் அது என்று எனக்குத் தெரியும். திருப்பதியில் ஒரு பாத்திரக் கடையை ஆறேழு வருஷம் காவல் காத்துவிட்டு ஓய்வு பெற்ற ரெக்கார்டர் பெட்டி ஒன்று கிடைத்தது. நாலு சேனல். மூன்று கேமரா மாட்டினோம்: மாட்டுக் கொட்டகைச் சுவரிலிருந்து வீட்டு வாசலைப் பார்த்து ஒன்று, மாடுகளைப் பார்த்து ஒன்று, மோட்டார் கொட்டகையில் ஒன்று. பெட்டியை உள் அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன் ஃபேன் ஆஸ்துமா வந்த கிழவரைப் போல இழுத்து இழுத்துச் சுற்றும். டெலிபோன் ஒயர் வாசல் சுவரோடு நின்றுவிட்டதால் மோடம் மட்டும் வெளியே, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல். அதிலிருந்து நீல ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே பெட்டிக்கு வரும்.

நைனா முதல் வாரம் கேமராவைப் பார்த்து முறைத்தார். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பேச மாட்டார். பெட்டியில் சத்தம் ஏறாது என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு நிமிஷம் நிற்பார். மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். கோபம் தீர்ந்துதான் நின்றாரா, கோபத்தோடே நின்றாரா என்பது படத்தில் தெரியவில்லை.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். பால் கறக்க எழுந்தவர் கொட்டகைக்குப் போய்ச் சேரவில்லை. சித்தப்பா போன் செய்தார். நானும் என் மனைவியும் வந்து சேர்ந்தபோது வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். நைனாவைப் பின்பக்கம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. அழவேண்டிய நேரத்தில் வேலை செய்கிற சாதி நான். பெட்டியை இறக்கினேன், வைக்கும் இடம் சொன்னேன், பந்தலுக்குக் கயிறு தேடினேன். அப்போது அண்ணன் கூப்பிட்டான்.

"வர முடியாதுடா. இந்த ஆளு பாஸ்போர்ட்ட குடுக்கறதுக்கே ரெண்டு நாளு ஆவும்ங்கறான். நீங்க எடுத்துடுங்க. ஆனா நான் கேமராவுல நைனாவ ஒரு தரம் பாத்துக்கறேன். அதுக்கு முன்னால எடுத்துடாத."

"எடுக்க மாட்டேண்ணா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பத்து நிமிஷத்தில் மறுபடியும் போன். "டேய், படம் வரலடா. கறுப்பா கீது."

உள்ளே ஓடினேன். டிவியில் வாசல் பளிச்சென்று தெரிந்தது. நைனாவைக் கொண்டுவந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். "இங்க நல்லா தெரியுதுண்ணா" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சி இன்னாடா பண்றது? எனக்குத் தெரியணும்டா!"

வீடியோவில் பேசுகிற போன் எங்கள் ஊரில் அப்போது யாரிடமும் இல்லை. என் கையில் இருந்தது பட்டன் போன். இந்தக் கிழட்டுப் பெட்டியை விட்டால் அண்ணனுக்கு வேறு கண் கிடையாது.

ரெக்கார்டரை அணைத்துப் போட்டேன். கீ என்று கத்திவிட்டு, நிதானமாக யோசித்து, பழையபடி வாசலைக் காட்டியது. குவைத்தில் கறுப்பு. நீல ஒயரைக் கழற்றி, முனையை வேட்டியில் துடைத்து மாட்டினேன். கறுப்பு. எலி கடித்திருக்குமோ என்று உள் அறை முழுக்க ஒயரைத் தடவிக்கொண்டே தவழ்ந்தேன். எலி கடிக்கவில்லை, எறும்புதான் என்னைக் கடித்தது. அப்போதுதான் தலையை நிமிர்த்தி டிவியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நைனா, நேராக, கேமரா பக்கமாக முகத்தை வைத்துப் படுத்திருந்தார். 'எனக்கும் அவன் வர மாட்டான்.' இவர்தான், இவர்தான் விடமாட்டேன் என்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க நைனா வெளிய ஐசுல கீறாரு. நீ உள்ள ஒயர்ல கீற. யாரு போனது, யாரு கீறதுன்னே தெரியல போ." சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கற்பூரம் கொண்டுவந்து ரெக்கார்டருக்குக் காட்டினார். புகையை உள்ளே இழுத்த ஃபேன் இருமியது. கதவோரம் நின்ற என் மனைவி, "அபிஷேகத்த மட்டும் ஏன் வுட்டீங்க, அதையும் பண்ணிடுங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளிய வந்து கொஞ்ச நேரம் நில்லுங்க. எல்லாரும் சின்னவன் எங்க, சின்னவன் எங்கன்னு கேக்கறாங்க" என்றாள்.

"இத சரி பண்ணிட்டு வரேன்" என்றேன்.

கற்பூரத்துக்கும் நைனா இரங்காத பிறகுதான் கேமரா மாட்டிய புத்தூர்க்காரருக்குப் போன் போடத் தோன்றியது. அன்று அவர் பலமனேரில் ஒரு பால் டிப்போவில் ஏணி மேல் இருந்தார்.

"பயப்படொத்து, பயப்படாத அண்ணா, நான் சொல்றத மட்டும் செய்யி. மௌஸ எடு. மெனு. நெட்வொர்க். அதுல நம்பர் வரும், ஒண்ணொண்ணா படி."

படித்தேன். வெளியே ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. "ஒன்று, ஒன்பது, இரண்டு, புள்ளி" என்று நான் ஓங்கிப் படிக்கப் படிக்க, அதுவும் ஏதோ மந்திரம் என்று நினைத்து, உள்ளே எட்டிப் பார்த்த இரண்டு பெண்கள் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

"நம்பரு கரெக்டா கீது அண்ணா. மோடத்துல லைட்டு எரியுதா?"

மோடம் வாசலில், நைனாவின் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்தது. போய்ப் பார்ப்பதென்றால் ஐஸ் பெட்டி ஓரமாக நின்று அவர் முகத்துக்கு மேல் குனிய வேண்டும்.

"எரியுது" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"எரியுதுங்கறேன் இல்ல!"

"அப்போ எக்ஸ்சேஞ்சிலதான் ப்ராப்ளம். கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டு வெயிட் பண்ணு."

கம்ப்ளெய்ன்ட் கொடுத்தேன். காத்திருந்தேன். அண்ணன் கால் மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டான். முதலில் திட்டினான், அப்புறம் கேட்டான், கடைசியில், "எந்தச் சட்ட போட்டுக்கீறாரு?" என்றான். டிவியைப் பார்த்து, "வெள்ள சட்டண்ணா" என்றேன். "முகம் எப்படி கீது?" டிவியில் முகம் ஒரு விரல் நகம் அளவுதான். "தூங்கற மாதிரி கீதுண்ணா" என்றேன். எல்லோரும் சொல்வதுதானே, நானும் சொல்லிவைத்தேன்.

அன்று முழுக்க நைனாவை நான் அந்த நகம் அளவில்தான் பார்த்தேன். வெளியில் இருந்தவர்கள், அண்ணனுக்காக சின்னவன் எப்படிப் பாடுபடுகிறான் பார் என்று பேசிக்கொண்டார்களாம். நான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஒளிந்துகொள்ள எனக்குக் கிடைத்தது ஒரு ரிப்பேர் வேலை.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. நாலரை வரைக்கும் நிறுத்திவைத்தேன். சித்தப்பா வந்து தோளில் கை வைத்தார். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்டா. அவனுக்கு நான் சொல்லிக்கறேன்." என் கையிலிருந்த போனை வாங்கி அவரே பேசினார். அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியவன் தூக்க வேண்டிய கொள்ளிச்சட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

இரவு அண்ணன் கூப்பிட்டான். குரலில் கோபமில்லை. "நாலு நாப்பதுக்குப் படம் வந்துச்சிடா" என்றான். "பொம்பளைங்க வாசல கழுவிக்கினு இருந்தாங்க. அந்தப் பொட்டிய ஆட்டோவுல ஏத்திக்கினு இருந்தாங்க. கொட்டகையில மாடு நின்னுக்கினு இருந்துச்சி. அவ்ளோதான்."

எக்ஸ்சேஞ்சில் சரி செய்துவிட்டார்கள் போல, பத்து நிமிஷம் முன்னால் செய்யக்கூடாதா என்று யார் யாரையோ திட்டினேன்.

மறுநாள் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ரெக்கார்டரை அணைத்து, துணியில் சுற்றி பீரோவில் வைத்தது. ஓடவிட்டால் நாள் போகப் போகப் பழையதன் மேல் புதியது பதிந்து எல்லாம் அழிந்துவிடும் என்று புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் வந்து பார்க்கட்டும் என்று வைத்தேன். நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அண்ணன் வந்தான். சுடுகாட்டுக்குப் போய் வந்தான், குளித்தான், ஒரு வாய் துன்னுட்டுப் பார்க்கலாம் என்று சித்தப்பா சொன்னதைக் கேட்கவில்லை. ஈர வேட்டியோடு டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். பெட்டியை மாட்டி அந்த நாளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். விடியலிலிருந்து பார்த்தான். நைனா கதவைத் திறந்து வெளியே வந்தார். கொட்டகைப் பக்கம் நாலு எட்டு வைத்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். அதை அண்ணன் ஒரு தரம்தான் பார்த்தான், திருப்பவில்லை.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள், ஷாமியானா வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. கட்டம் போட்ட சட்டையில் நான் வந்தேன். சுவரைப் பார்த்துக் குனிந்தேன்.

அண்ணன் நிறுத்தினான். கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் ஓடவிட்டான். மூன்று தரம்.

"டேய், அது இன்னாடா புடுங்கற?"

எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு வாயில் தயாராக இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், இல்லை.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, வுடு" என்றான். படத்தை ஓடவிட்டான். சாப்பிடாமல், எழுந்திருக்காமல், படத்தை வேகமாக ஓட்டாமல், நாலரை மணிக்குத் தூக்கும்வரை எட்டு மணி நேரத்துக்கும் மேல் நைனாவைப் பார்த்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். வாசல் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மோடம் இருந்தது. காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஐஸ் பெட்டிக்காரர் கரண்டு எங்கே என்று கேட்டார். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிப் பலகை மேல் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் பெட்டியைச் சொருகியவன் நான். சாயங்காலம் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, அதைப் பழையபடி மாட்டிவிட்டுப் போனவர் அவர்.