கூடுதலாக ஒரு பித்தளைக் கால்

ஸ்ரீபெரும்புதூரில் யாரும் என் பெயரை முதலில் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட் என்றுதான் பேச்சு தொடங்கும். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனால், தையற்காரர் துணி மூட்டையைப் புரட்டிக்கொண்டே ஏ ஷிஃப்ட்தானே என்பார். ரவிக்கையில் குத்தியிருக்கும் சீட்டிலும் அதுதான் எழுதியிருக்கும். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் ஒருத்தி புதிதாகத் தெருவில் நடந்தால் ‘யாரு மவ’ என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால் தாத்தா காலத்துச் சண்டை வரை வெளியே வந்துவிடும். இங்கே கம்பெனியைச் சொன்னால் போதும், விசாரணை முடிந்தது. வந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. இப்போது யோசித்தால், அப்பா பெயரைக் கேட்காத ஊரில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னைப் போல வாடகை அறையில் இருந்து படிக்கிறவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

ஒரே ஒரு தொல்லை. கம்பெனியைச் சொன்னதும் நமக்கு இல்லாத அறிவையெல்லாம் இந்த ஊர் நம் தலையில் ஏற்றி வைத்துவிடும். நானும் என் அறைத்தோழி ஜெபக்கனியும் கம்ப்யூட்டர் போர்டு செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறோம். அதனால் எங்கள் வீட்டுக்கார அஞ்சலையக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பது, “நம்ம வூட்ல கீறது கம்ப்யூட்டர் செய்ற பொண்ணுங்க.” உண்மை என்னவென்றால், கம்ப்யூட்டரை முழுசாக நாங்கள் இருவரும் திறந்து பார்த்ததே கிடையாது. நான் போர்டின் அடிப்பக்கத்தை விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் பார்க்கிறவள். ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான். எனக்கு அடுத்த இடம் ஜெபக்கனிக்கு. வருகிற போர்டின் துளைகளில் எல்லாம் ஸ்க்ரூ வைத்து, மெஷின் க்ளிக் என்று சொல்லும் வரை முடுக்க வேண்டும். ஒரு துளை காலியாகப் போனால் லைன் நின்றுவிடும். ஒரு ஸ்க்ரூ மிச்சமானாலும் லைன் நின்றுவிடும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடுவோம். அதற்குப் பிறகு போர்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும். அங்கே வேறு ஆட்கள் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். நாங்கள் தொட்ட ஒரு போர்டுகூட உயிர் பெற்று நாங்கள் பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் லைனில் ஓடும் மாடல் சீக்கிரம் நிற்கப் போகிறது என்ற செய்தி வந்தது. காண்ட்ராக்டில் இருப்பவர்களில் முதலில் யாரைக் கழிப்பார்கள் என்ற கணக்கில் ஜெபக்கனி முன்னால் இருந்தாள். அதே வாரம் டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்க ஒரு பரீட்சை வைப்பதாகவும் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து காட்ட வேண்டும். ஜெபக்கனி சாத்தான்குளம் பக்கத்துக்காரி, டிப்ளமோ முடித்தவள், அந்த வரைபட மென்பொருளைப் படித்தவள். ஆனால் படித்து முடித்ததும் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டாள். கடை திறந்ததில் இருந்து பூட்டும் வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிடுவார்கள் என்று, சேலையை உதறி மடிக்கிற சாக்கில் கீழே குனிந்து முட்டியை ஒரு நிமிஷம் தரையில் ஊன்றிக்கொள்வார்களாம். அந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பரீட்சைச் செய்தி வந்த அன்று சிரிக்காமல் சொன்னாள்.

“ஏட்டி பேச்சி, லைன் போச்சுன்னா நான் திரும்பவும் அந்தக் கடையிலதான் போயி நிக்கணும். என்னால முடியாதுட்டி.”

பழகிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அஞ்சலையக்காவின் மகன் தண்டலத்தில் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கியது ஒன்று மாடிப்படிக்குக் கீழே பழைய புடவை போர்த்திக் கிடந்தது. மகன் பெங்களூரில் லேப்டாப்போடு இருக்கிறான். கேட்டதும் அக்கா எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதை ஓட வைப்பது எங்களுக்குக் கையால் கொசு அடிப்பது போல என்பது அவர் எண்ணம். தூக்கி வந்து பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளே இருந்து பீப் பீப் என்று ஒரு முனகல். அந்தச் சத்தத்தைப் பற்றி இணையத்தில் தேடி, மெமரியைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினோம். திரை பளிச்சென்று வந்தது. ஜெபக்கனி என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கற்றுக்கொண்ட அதே வரைபட மென்பொருள் அந்தப் பையனின் கல்லூரிக் காலத்தில் இருந்து உள்ளேயே காத்துக் கிடந்தது. ஆனால் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு அரிசி களைந்து உலை வைத்து வந்தாலும் மணல்கடிகாரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கோடு இழுத்தால் அது திரையில் வருவதற்குள் அடுத்த கோடு மறந்துவிடும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், மெமரியைக் கூட்டுங்கள், குதிரையாக ஓடும் என்றார் கடைக்காரர். எந்தக் கம்பெனி என்ற கேள்வி வந்தது. சொன்னோம். அவ்வளவுதான், அவர் எங்களைப் பெரிய ஆட்களாக நினைத்துக்கொண்டு, “மெமரி டிடிஆர் த்ரீயா, ஃபோரா மேடம்?” என்று மரியாதையாகக் கேட்டார். தெரியாது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. ஜெபக்கனி எண் பெரிதாக இருப்பதையே கொடுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து செருகினால், மெமரியில் உள்ள வெட்டு ஓரிடத்தில், போர்டில் உள்ள மேடு வேறோர் இடத்தில். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து போய் அசட்டுச் சிரிப்போடு மாற்றி வாங்கினோம். அவர் பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதிய எஸ்எஸ்டிக்கு அப்படியே மாற்றியும் கொடுத்தார்.

வெறுமனே செருகிவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் கிடந்த தூசியைப் பார்த்ததும் எங்களுக்குள் இருந்த கம்பெனி விழித்துக்கொண்டது. எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, முறைப்படி மாட்டுவது என்று முடிவு செய்தோம். பிளக்கைப் பிடுங்கினோம், பாயில் வெள்ளைத் துணி விரித்தோம். லைனில் மணிக்கட்டில் வார் கட்டி, உடம்பில் உள்ள மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்பிவிட்டுத்தான் போர்டைத் தொட விடுவார்கள். அது இல்லாமல் ஜெபக்கனிக்குக் கை போகவே இல்லை. கடைசியில் ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைத் தன் வெள்ளிக் கொலுசில் முறுக்கினாள், மறு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். கொலுசு போட்டால் கேட்டிலேயே கழற்றச் சொல்கிற கம்பெனியின் வார் கட்டும் விதியை அவள் கொலுசை வைத்தே காப்பாற்றினாள். அந்த நேரம் பார்த்து அஞ்சலையக்கா மோர் மிளகாய் கொடுக்க வந்தார்.

“இன்னாமே, காலக் கட்டிப் போட்டுக்கினு கீற? யாரு கட்டுனா?”

மின்சாரம் கீழே இறங்குவதற்காக என்று விளக்கினேன். அவர் பயந்துபோய் ஜன்னலில் கை வைக்காமல் ஒதுங்கி நின்றார். ஜன்னலில் கரண்ட் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார் போல. இரண்டு நாள் அந்தப் பக்கம் யாரும் துணி காயப் போடவில்லை.

கதை கெட்ட இடம் இதுதான். துடைத்து முடித்துப் பார்த்தால், பெட்டியின் ஒரு மூலையில் செலோ டேப் ஒட்டிய ஒரு சின்னப் பித்தளைக் கால். போர்டு பெட்டியின் தகரத்தில் படாமல் சற்று உயர்ந்து நிற்க, அடியில் இப்படிக் கால்கள் திருகப்பட்டிருக்கும். இது ஒன்று மட்டும் தனியாக இருந்தது. தகரத்திலோ ஒரு துளை காலியாக இருந்தது. லைனில் வருஷக்கணக்காக நின்றவள் கண்ணுக்கு இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அந்தப் பையன் அரைகுறையாக மாட்டியிருக்கிறான் என்று இருவரும் உச்சுக் கொட்டினோம். ஜெபக்கனி பித்தளைக் காலை அந்தத் துளையில் திருகினாள். மெஷின் இல்லாததால் க்ளிக் சத்தத்தையும் அவளே வாயால் கொடுத்தாள். போர்டை மேலே வைத்தோம், மாட்டினோம், பட்டனை அமுக்கினோம்.

விசிறி ஒரு தடவை துடித்தது, நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை. பீப் சத்தம்கூட இல்லாதபோதுதான் அந்த முனகலின் அருமை தெரிந்தது. ஜெபக்கனி கொலுசு ஒயரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. நம்பிக் கொடுத்த அக்காவிடம் என்ன சொல்வது என்பதும் தெரியவில்லை. ஜெபக்கனி மறுபடியும் ஜவுளிக்கடை முகப்பில் கைகட்டி நிற்பது போல என் கண்ணில் தெரிந்தது, அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

“செத்துட்டுட்டி,” என்றாள்.

லைனில் ஒரு போர்டு ஓடவில்லை என்றால் யாரும் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். வந்த வழியே ஒவ்வொரு இடமாகத் திருப்பி அனுப்புவார்கள். அதையே செய்வோம் என்றேன். கடைசியாகப் போட்ட எஸ்எஸ்டியைக் கழற்றி அமுக்கினோம், இல்லை. புதிய மெமரியைக் கழற்றிப் பழையதை மட்டும் வைத்தோம், இல்லை. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்குவதும் போடுவதுமாக ஜெபக்கனி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் போர்டையே வெளியே எடுத்து, மெமரி வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ஒயர்களை மட்டும் கொடுத்துப் பார்த்தோம். விசிறி சுற்றியது. திரையும் வந்தது. தகரப் பெட்டிக்குள் வைத்தால் சாகிறது, வெளியே வைத்தால் பிழைக்கிறது. போர்டில் குற்றம் இல்லை, பெட்டியில்தான் என்று புரிந்ததும் என் கை தானாகவே போர்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது. அது என் இடம், என் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். துளையே இல்லாத ஓர் இடத்தில், ஈயப் புள்ளிகளின் மேல், வட்டமாக ஒரு புதுக் கீறல். பித்தளைக் காலின் தலை அளவு.

அந்தப் பெட்டி பல அளவு போர்டுகளுக்குமாகச் செய்தது. காலியாக இருந்த துளை வேறொரு போர்டுக்கானது. எங்கள் போர்டுக்கு அங்கே கால் தேவையில்லை, வைத்தால் அடியில் இடித்து மின்சாரம் தப்பு வழியில் ஓடும். அந்தப் பையன் சரியாகத்தான் மாட்டியிருந்தான். பாவம், அவனை நாங்கள் எவ்வளவு பேசினோம்.

காலைக் கழற்றினோம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். பட்டனை அமுக்க ஜெபக்கனி மறுத்துவிட்டாள், நானே அமுக்கினேன். கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் திரை முழுசாக வந்து நின்றது. வரைபட மென்பொருள் கேட்டதும் திறந்தது. கோடு இழுத்தால் கோடு. வட்டம் போட்டால் வட்டம். நான் கத்தினேன், அவள் கத்தினாள், கீழே இருந்து அஞ்சலையக்கா ஓடி வந்தார். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்துத் துடைப்பக் கட்டையோடு வந்திருந்தார். திரையைப் பார்த்ததும் கட்டையைக் கீழே வைத்தார். “நான் சொல்லல? நீங்க செய்றவங்களாச்சே,” என்றார். இந்தத் தடவை நாங்கள் மறுக்கவில்லை.

பரீட்சை வரை தினமும் சாயங்காலம் அவள் வரைய, நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கோடு கோட்டைத் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குறை கண்டுபிடிப்பதுதானே எனக்குச் சம்பளம். அவள் தேர்வாகிவிட்டாள். டிசைன் பிரிவு மறைமலை நகர்ப் பக்கம் இருக்கும் யூனிட்டில் இருக்கிறது. அறை இதேதான், பஸ் மட்டும் வேறு. முதல் நாள் ஒன்றாகக் கிளம்பினோம். அவள் பஸ் ஒரு பக்கம் போனது, என் பஸ் மறுபக்கம் போனது. ஜன்னலில் இருந்து அவள் உட்கார்ந்து வேலை பார்க்கப் போவதைச் சைகையில் காட்டினாள், சீட்டில் இருந்தபடியே இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்து. நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். என் பக்கத்து சீட்டு அன்று காலியாக இருந்தது.

அன்று கம்பெனி கேட்டில் சோதனைக் கருவி என் மீது கத்தியது. சுடிதார் பையில் அந்தப் பித்தளைக் கால். எப்போது போட்டுக்கொண்டேன் என்று நினைவில்லை. செக்யூரிட்டி அண்ணன் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், கம்பெனிப் பொருளா என்று கேட்டார். வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்தது, ஆனால் அதில் மாட்ட இடமில்லை என்றேன்.

“எந்த ஓட்டைக்கும் சேராதத எதுக்கும்மா வெச்சிக்கினு சுத்துற? தூக்கிப் போடேன்.”

பெட்டியோட வந்ததுண்ணே என்று மட்டும் சொன்னேன். ஹேர்பின்களும் சில்லறையும் கிடக்கும் தட்டில் அதையும் போட்டார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் சின்ன பர்ஸில் இருக்கிறது. தென்காசி வீட்டுச் சாவியும் இந்த அறைச் சாவியும் அதில்தான் கிடக்கின்றன. பஸ் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மடியில் கேட்கும்.