ரோலண்ட் பெல்லிங்கின் ஏழாம் பகுதி

"வண்ணத்துப்பூச்சிப் பதிவாளர் (ஊதியம் இல்லை). அமைதியான சுபாவமும் சீரான நடையும் உடையவராக, எதையும் மிகைப்படுத்தாதவராக இருத்தல் வேண்டும்." விண்டில் மேட்டுச் சுண்ணாம்புப் புல்வெளியைப் பராமரிக்கும் அறக்கட்டளை அச்சிட்ட தாளில் இப்படி இருக்கிறது. அந்தப் பொறுப்பில் பதினோரு வருடமாக இருப்பவர் ரோலண்ட் பெல்லிங்.

ரோலண்டின் நடை சீரானது அல்ல. இடது கணுக்கால் இழுக்கும். காளை முட்டியது என்பார். கடற்கரையில் ஒரு மடக்கு நாற்காலி அவரை உள்ளே வைத்து மடங்கிக்கொண்டதை அவர் மனைவி க்ளெனிஸ் கண்ணால் பார்த்திருக்கிறாள். முப்பது வருஷம் நெருப்போடு போராடினேன் என்பார். அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தீயணைப்பு உருளைகளில் தேதிச் சீட்டு ஒட்டியதுதான் உத்தியோகம். அந்த முப்பது வருஷத்தில் அவர் கண்ட ஒரே தீ, சொந்த வீட்டில் ரொட்டி கருகியது. ஊர்க் குளத்தில் கடல்நாய் பார்த்திருக்கிறார். பப்பில் உட்கார்ந்து அவர் மழை வருகிறது என்றால் யாரும் எழுந்து சன்னலைச் சாத்துவதில்லை.

"அதுல ஒரு பென்னி லாபம் கிடையாது," என்பாள் க்ளெனிஸ். "சும்மா தர்மத்துக்குப் பொய் சொல்றாரு."

இப்படிப்பட்டவருக்குக் கொடுத்த வேலை, எண்ணுவது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒரு நாள், வெயிலும் காற்றும் விதிப்படி அமைந்தால், ஒன்பது பகுதிகளாகப் பிரித்த ஒரே தடத்தில் நடக்க வேண்டும். நடப்பவரோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியும் நகரும்: பக்கத்துக்கு இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்தப் பெட்டிக்குள் வரும் பூச்சியை மட்டும் எழுதலாம். வெளியே ஆயிரம் பறந்தாலும் சேர்த்தி இல்லை. முதுகுக்குப் பின்னால் பறப்பது இன்னும் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் பகுதி தெற்கே பார்த்த சரிவு. ஓய்வு பெற்ற முதல் கோடையில், ஓடிப்போன நாயைத் தேடி அங்கே ஏறியபோதுதான் ரோலண்ட் அடோனிஸ் நீலன் என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி. பப்புக்கு வந்து அந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், சேர்த்துச் சொல்ல ஒன்றும் அகப்படாமல் நிறுத்திக்கொண்டார். உடம்புக்கு முடியவில்லையோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

அந்தச் சரிவுக்குத்தான் இப்போது ஆபத்து. நீலனுக்குக் குட்டைப் புல் வேண்டும். புல் குட்டையாக இருக்க ஆடு மேய வேண்டும். அறக்கட்டளையிடம் இருந்ததோ முப்பது ஆடு. மூன்று வருஷமாக ஏழாம் பகுதியில் நீலன் பூஜ்யம். இந்த வருஷமும் ஒன்றுகூடப் பதிவாகாவிட்டால் ஆடுகளைப் பக்கத்து மேட்டுக்கு ஓட்டிவிடுவோம் என்று கடிதம் வந்தது. ஆடு போனால் நான்கு வருஷத்தில் அந்தச் சரிவு முழுக்க முட்புதர்தான்.

"ஒண்ணுன்னு எழுதிட்டு வாயேன்," என்றாள் க்ளெனிஸ். "குளத்துல கடல்நாய் பார்த்த ஆளுதானே நீ. இத்தனூண்டு பூச்சியா கண்ணுல படாது?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"கடல்நாய்க்குப் படிவம் கிடையாது," என்றார் ரோலண்ட்.

பொய்யர் என்ற அவருடைய பெயர் அறக்கட்டளையின் காதிலும் விழுந்திருந்தது. வருஷத்தின் கடைசி நடைக்கு, கணக்கைச் சரிபார்க்க இமோஜன் ஹோட் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். முப்பத்திரண்டு வயது, பூச்சியியலில் முனைவர் பட்டம், சிரிப்பை அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்த முகம். அவள் நான்கு எட்டுப் பின்னால் வர வேண்டும். தனித் தாளில் தன் கணக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியும் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.

"என்னம்மா, படிச்சவங்க பேச மாட்டாங்களா?" என்றார் ரோலண்ட், இரண்டாம் பகுதியில்.

"நடக்கும்போது பேசக் கூடாது, மிஸ்டர் பெல்லிங்."

"இப்பப் பேசிட்டீங்களே."

அதற்குப் பிறகு இருவருக்கும் சேர்த்து ரோலண்டே பேசினார். ஆறாம் பகுதி ஏற்றம் முடிவதற்குள் காளை கதை, நெருப்புக் கதை இரண்டும் முடிந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏழாம் பகுதியின் தொடக்கக் கட்டையைத் தாண்டியதும் வாயை மூடினார்.

மெதுவாக நடந்தார். பழுப்பன் இரண்டு. வெள்ளை ஒன்று. நீலன் இல்லை. பின்னால் இமோஜன் தொண்டையைக் கனைத்தாள். பத்து எட்டு கழித்து மறுபடி கனைத்தாள். பாதி தூரத்தில், அடுப்பில் கெட்டில் சூடாவது போல மெல்லிய சத்தம் ஒன்று அவளிடமிருந்து கிளம்பி, நிற்காமல் கூடவே வந்தது. தம் இழுக்கும் காலைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று ரோலண்ட் முடிவு செய்து, விதிப்படி முன்னாலேயே பார்த்து நடந்தார்.

முடிவுக் கட்டையை அவர் தொட்டதும் கெட்டில் கொதித்துவிட்டது.

"உங்க முதுகுல," என்றாள் இமோஜன். "அடோனிஸ். ஆண். நூத்தி எண்பது மீட்டரா உக்காந்துட்டு வருது. அசையாதீங்க."

ரோலண்ட் அசையவில்லை. "வேற ஏதாவது நீலனா இருக்கும்."

"இறக்கை ஓரத்து வெள்ளையைக் கறுப்புக் கோடு வெட்டிட்டுப் போகுது. எனக்குத் தெரியாதா?"

"என்ன பண்ணுது?"

"உங்க வேர்வையைக் குடிக்குது."

"நல்லாக் குடிக்குதா?"

"நல்லாவே."

ரோலண்ட் இடப்பக்கம் மெல்லத் திரும்பினார். முதுகும் கூடவே திரும்பியது. வலப்பக்கம் முயன்றார்; அங்கேயும் அதே கதி. கழுத்தைத் திருகிப் பார்த்ததில் தம் தோள்வாரின் கொக்கி தெரிந்தது. இமோஜன் கைப்பேசியில் படம் எடுத்து நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காட்டாதீங்க. படத்துல பார்த்து எழுதக் கூடாது."

"மிஸ்டர் பெல்லிங், ஒண்ணுன்னு எழுதுங்க."

"என் பெட்டிக்குள்ள வரலியே."

"உங்க மேலயே இருக்கு."

"முதுகு பெட்டியில சேராது. விதிமுறை, மூணாம் பக்கம்."

"நான் பார்த்தேன். நானே சொல்றேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மா," என்றார் ரோலண்ட். "ஒருத்தர் சொல்றாங்கன்னு எழுதினா அது என்ன கணக்கு? ஜனங்க வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவாங்க."

அவள் கைப்பேசியைப் பைக்குள் வைப்பதற்குள் நீலன் வயிறு நிரம்பிக் கிளம்பி, அவருடைய முதுகுப்பக்கமாகவே சரிவில் இறங்கிப் போய்விட்டது. அவர் திரும்பியபோது புல் மட்டும் இருந்தது.

"எழுதலேன்னா ஆடு போயிடும்," என்றாள் இமோஜன். இப்போது அவள் குரலில் அதிகாரி இல்லை.

"தெரியும்." ரோலண்ட் கட்டையின்மேல் உட்கார்ந்து பென்சிலைப் பார்த்தார். அந்தச் சரிவில் எட்டுக் குளிர்காலம் அவர் முள் வெட்டியிருக்கிறார். அதை மட்டும் பப்பில் யாரிடமும் சொன்னதில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கு அது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எனக்கா? முன்னால. மூணு மீட்டர்ல."

"அப்போ உங்க தாள்ல எழுதுங்க. உங்க பெட்டி, உங்க பாடு."

இமோஜன் எழுதினாள்: ஒன்று. எதன்மேல் அமர்ந்திருந்தது என்ற கட்டத்தில் "பதிவாளர்" என்று எழுதினாள்.

இரண்டு தாளும் ஒத்துப்போகாததால் அறக்கட்டளை மூன்று கூட்டம் போட்டது. ஊரறிந்த பொய்யர் குறைத்துச் சொல்லி, சரிபார்க்கப் போனவள் கூட்டிச் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. கடைசியில் அதிகாரியின் தாள் செல்லும் என்று முடிவாகி, ஆடுகள் ஏழாம் பகுதியிலேயே தங்கின.

நடை முடிந்த அன்று மதியமே ரோலண்ட் பப்பில் உட்கார்ந்து, நாற்பது நீலன்கள் தம் சட்டையைக் கவ்வித் தூக்கி வேலிக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டதாகச் சொன்னார். அதற்கு முன், மேட்டைவிட்டு இறங்குகிற வழியிலேயே, தம் தாளில் ஏழாம் பகுதி அடோனிஸ் நீலனுக்கு நேரே பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.