ஜாத்ரா ராஜா எங்கள் ஹாலில்

கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சித்தி, கல்கத்தாவில் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். நேரில் ஒருவரை உட்காரவைத்துத் தீட்டிய வண்ணப்படம் ஒன்றைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு ரயில். என்னை வரைந்தாள், நெளிந்தேன். அப்பாவை வரைந்தாள், பேப்பரோடு தூங்கிப்போனார்.

அந்த வாரம் பார்த்து எங்கள் கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பு மைதானத்தில் ஜாத்ரா நாடகம் போட்டார்கள். ராஜா வேஷக்காரர் போட்ட சத்தத்தில், குளிருக்குக் குல்லாய் மாட்டி ஒடுங்கியிருந்த கூட்டமே நிமிர்ந்தது. "இவர்தான்" என்றாள் சித்தி.

சித்திக்கு வங்காள மொழி வராது. எனக்குத் தமிழைவிட அதுதான் சரளம். ஆகவே நான் தூது. மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரை, பெரியப்பா முறையில் 'ஜேட்டு' என்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "தோசை உண்டா?" என்றார். உண்டு என்று நானே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை கிரீடம், மீசை, முத்துமாலை சகிதம் வந்தார். கூடவே குடியிருப்பே வந்தது. தோசை முடிந்து உட்கார்ந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. ஜாத்ரா மேடைக்குச் சுவர் கிடையாது, சுற்றிலும் ஜனங்கள். ஒரு பக்கமே பார்த்தால் மறுபக்கம் விசில் அடிக்கும். அந்தப் பழக்கத்தில், கீழ்வீட்டு மாஷிமா எட்டிப்பார்த்தால் அவளுக்கு ஒரு புருவத் தூக்கல், அம்மா காபியோடு வந்தால் அவளுக்கு ஒரு மீசை முறுக்கல்.

"ஆடாம உக்காரச் சொல்லு" என்றாள் சித்தி.

சொன்னேன். "நான் எங்கே ஆடினேன்? அவங்கல்ல வந்து வந்து நிக்கறாங்க" என்றார்.

இரண்டு தாள் வீணாயிற்று. சாயங்காலம் அவருக்குச் சாந்த்ராகாச்சியில் ஆட்டம். சித்தி எழுந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள்.

"என் வீட்டு ஹால்லேர்ந்து என்னையே அனுப்பறா" என்றபடி அப்பா போனார். நான் மட்டும் மிச்சம். ராஜா எனக்காக விழியை உருட்டினார்.

"நீயும் போடி" என்றாள் சித்தி.

"அப்புறம் யாரு பேசறது?"

"பேச ஒண்ணுமில்ல. போ."

படிக்கட்டில் காத்திருந்தோம். உள்ளே சத்தமே இல்லை. கதவு திறந்தபோது படத்தில் கிரீடம் அச்சாக இருந்தது, மீசையும் அப்படியே. முகம்தான் யாரோ. கன்னம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவர் போல. அப்பா தொண்டையைச் செருமினார்.

ஜேட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், மேடைக் குரல் இல்லாமல், "இதை அங்கே காட்டுவாளா?" என்றார்.

காட்டுவாள் என்றேன்.

"காட்டட்டும். அடியிலே என் பேரு மட்டும் வேண்டாம்."

பெயரில்லாத அந்தப் படத்துக்குத்தான் பிறகு சித்திக்கு இடம் கிடைத்தது. அன்று எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொல்லிவிட்டு, அழப்போகிறாள் என்று பார்த்தேன். சித்தி சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். படம் சரியாக வராததற்கு மன்னிப்புக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று, பாவம், அவளுக்காக நானும் ஒரு தடவை தொட்டுவைத்தேன்.