மூன்றாம் அறையைப் பார்த்துக்கொண்ட தங்கராசு அண்ணன்

தங்கராசு அண்ணன் இறந்த செய்தி சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் வழியாகத்தான் எனக்கு வந்தது. கோழி அறைக்குள் ஃபோன் கொண்டுபோக அனுமதி இல்லை. தலைக்குக் குளித்து, அங்கே கொடுக்கும் உடையைப் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். வெளியே வந்துவிட்டால் அன்றைக்குத் திரும்பப் போக முடியாது. "சரஸ்வதி, தங்கராசு தவறிட்டாருங்க. தீவனம் வெச்சு முடிச்சிட்டு வாங்க" என்றது குரல். முடித்துவிட்டுத்தான் வந்தேன். முகக்கவசத்துக்குள் அழுவது எப்படி இருக்கும் என்று நம் வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சேந்தமங்கலம் போகும் சாலையில், கோழித் தடுப்பூசிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. எந்த நோயும் அண்டாமல் வளர்த்த கோழிகளைப் பராமரிப்பது எங்கள் இருவருக்கும் வேலை. ஊரில் எல்லோரும் அதைக் கோழிப்பண்ணை என்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அண்ணன் சிரிப்பார். "தீனி வெச்சுப் பீ அள்ளுனா அது பண்ணதான் அம்மிணி. இதுல என்னத்தப் பெருமை?"

சோதனை முடிந்ததும் கோழிகளைக் கொன்றுவிட வேண்டும். அந்த நாட்களில் பலர் லீவு போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். அண்ணன் ஒருமுறைகூடப் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் அவரே கூண்டிலிருந்து எடுத்து, இறக்கையை அணைத்துப் பிடித்துக்கொள்வார். "வளத்தவங் கையில இருந்தா துள்ளாதுங்க" என்பார். உண்மைதான், துள்ளாது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

வேலையில் சேரும்போதே எங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் கோழி, புறா எதுவும் வளர்க்கக்கூடாது. நம் பக்கத்தில் கோழி இல்லாத வீடு ஏது? இருந்தும் அண்ணன் வீட்டில் ஒரு இறகுகூடக் கிடக்காது. போன வருடம் அவர் மகளுக்குப் பிரசவம் சிக்கலானது. அண்ணனின் மாமியார் குலசாமிக்கு ஒரு சேவலை நேர்ந்துகொண்டார். எருமப்பட்டியில் தன் வீட்டில் வளர்த்துவந்தவர், கண் ஆபரேஷனுக்குப் போகும்போது அதை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டுப் போனார். நேர்ந்துவிட்ட சேவலை விற்கவும் முடியாது, கோயில் நோன்பிக்கு முன்னால் அறுக்கவும் முடியாது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். "சேவ ஊட்டுல, நான் ஊருல" என்று என்னிடம் சொன்னார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். மனிதருக்கு மனசு உறுத்தி, நேராக மேலாளரிடம் போய், "ஊட்டுல ஒரு சேவ நிக்குதுங்க சார், நான் தொடறதில்லைங்க" என்று தானாகவே சொல்லிவிட்டார்.

அதன்பிறகுதான் மூன்றாம் அறையில் கோழிகள் விழத் தொடங்கின. அது அவர் பொறுப்பில் இருந்த அறை. முதலில் சத்தம் குறைந்தது. பிறகு தீவனம் தட்டிலேயே மிஞ்சியது. கொண்டை கறுத்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து செத்தன. நான் உதவிக்கு வருகிறேன் என்றேன். கதவருகிலேயே கையை நீட்டித் தடுத்தார். "உங்கூட்டுல பச்சக் கொழந்தைய வெச்சிருக்குறீங்க. இது நல்லாத் தெரியல அம்மிணி, வராதீங்க." செத்தவற்றைத் தினமும் அவர் ஒருவரே பொறுக்கினார்.

மேலாளருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சேவல் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர் தங்கராசு என்று முடிவானது. அவரை இனி வர வேண்டாம் என்றார்கள். வெளியே வரும்போதே அவருக்குக் காய்ச்சல் இருந்தது. சில நாட்களில் மூச்சு வாங்க, சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்கே வேலை செய்கிறார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். என்ன நோய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அங்கிருந்து என்னோடு ஒருமுறை பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தது. "சேவ நல்லாத்தான் இருக்குதாமுங்க. அப்ப மூணாம் ரூமுக்கு எது வந்துச்சு? அது தெரியாம உள்ள போவாதீங்க சாமி."

எழவு வீட்டுக்கு நான் போனபோது அந்தச் சேவல் கொய்யா மரத்தடியில் நின்று கூவிக்கொண்டிருந்தது. கொண்டை செக்கச்செவேல் என்று இருந்தது. எங்கள் தொழிலில், ஓர் அறையில் நோய் இருக்கிறதா என்று அறிய, நலமான கோழி ஒன்றை அங்கே விட்டுவைப்போம். நோய் இருந்தால் அதுதான் முதலில் விழும். இந்த வீட்டில் நோய் இருந்திருந்தால் சேவல் என்றைக்கோ செத்திருக்கும். நான் இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வுக்கூடத்து வண்டி வந்து நின்றது. மாலையோடு மேலாளர் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒருவர் கூண்டும் கையுறையுமாக இறங்கினார்.

"டெஸ்ட் பண்ணணும்மா, ஃபார்மாலிட்டிதான்" என்றார் மேலாளர்.

அண்ணன் மனைவி ரத்தினம் அக்கா பிணத்தருகே இருந்து எழுந்து வந்தார். மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். "எங்கூட்டுக்காரரப் பாக்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் வரலீங்க. சேவலுக்கு மட்டும் ஆளு வருதா? சாமிக்கு நேந்துட்டதுங்க. தொடாதீங்க."

கூடியிருந்த பங்காளிகள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பக்கம் போய் நின்றார்கள். நானும் நின்றேன். வண்டி கூண்டோடு திரும்பிப் போனது.

சேவலின் மேல் பழி போட்டால் அறையைச் சோதிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் அறையைக் கழுவி, மருந்து அடித்து, புதுக் கோழிகளுக்குக் கூண்டு அடுக்கிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். அதற்குப் பதில் தெரியாமல் அந்தக் கதவை நான் திறக்க மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். இனி என் பெயரை எடுத்துவிட்டு, இதைப் படிக்கிற உங்களில் ஒருவர் பெயரைப் போடுவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசிவரை அண்ணன் பக்கத்திலேயே இருந்த ரத்தினம் அக்கா இன்று காலை ஃபோனில் பேசினார். காரியத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னார். பேசி முடிப்பதற்குள் இருமல் வந்து, ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்.