வாணவேடிக்கை பார்க்க அக்காவை அழைத்துப் போனேன்

எனக்குத் திருவிழா என்றாலே ஆகாது. கூட்டத்தில் கால் மிதிபடும், செருப்பு தொலையும், சாமி மட்டும் கண்ணில் படாது. அப்படிப்பட்டவன் போன வருஷம் போடியில் என் பெயிண்ட் கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு, மூன்று பஸ் மாறி, ஒரு கடற்கரை ஊரின் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனேன். அக்காவைக் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது.

அக்கா மகனுக்கு அந்த ஊர்த் துறைமுகத்தில் வேலை. நாங்கள் மாதாவைக் கும்பிடுகிற குடும்பம் இல்லை. ஆனால் திருவிழா நாட்களில் அங்கே யார் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்குத் திருவிழா ஒரு சாக்குதான். அம்மாவைத் தன்னோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. "மாமா, நாலு நாள் இங்கன இருந்து பாத்தா அம்மாவுக்கு மனசு மாறிரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கேப்பாக" என்று போனில் சொன்னான். சரி என்றேன். சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை.

காரணம் என் மக்காச்சோளம். பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் எனக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த தோட்டம். மச்சான் இறந்த பிறகு பதினோரு வருஷமாக அக்கா தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தாள். கதிர் பால் பிடித்துவிட்டால் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கும். பொழுது சாய்ந்ததும் அக்கா வரப்பில் நின்று வெடி போடுவாள். அந்தச் சத்தத்தில் அவள் சோளத்தோடு என் சோளமும் பிழைத்துக்கொள்ளும். நான் போடியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். "அந்தம்மாவக் கண்டா பன்னியே மலையேறிரும்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் போன சமயம் பயிர் முழங்கால் உயரம்தான். அதனால்தான் அக்கா கிளம்பவே சம்மதித்தாள்.

மாதாவின் தேர் கடற்கரைச் சாலைக்குத் திரும்பும்போது கரையிலிருந்து வாணம் விடுவது அந்த ஊர் வழக்கம். பொழுது இறங்கும் முன்பே சனம் மணலில் இடம் பிடித்துவிட்டது. மாங்காய், சுண்டல், பலூன் எல்லாம் ஆள்மேல் இடித்துக்கொண்டு போயின. அக்கா எனக்கும் மகனுக்கும் நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் வெடி வானத்தில் வெடித்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா மட்டும் சட்டென்று திரும்பி, எங்களுக்குப் பின்னால் இருண்டு கிடந்த சவுக்குத் தோப்பைப் பார்த்தாள். அடுத்த வெடிக்கும் அங்கேதான் பார்த்தாள்.

"இம்புட்டு வெடியும் எத வெரட்டப் போடுறாக?" என்று மகனிடம் கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான். "எதையும் வெரட்டலம்மா. மாதா தேர்ல வர்றாக, அந்தச் சந்தோசத்துக்குப் போடுறாக."

"அப்ப எதுவும் வராதா?"

"வராதும்மா."

அதன் பிறகுதான் கடல் பக்கம் திரும்பினாள். பச்சையும் சிவப்பும் தலைக்கு மேல் உதிர்ந்தன. மகன் தேரைப் பார்க்க எழுந்து முன்னால் போனான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏலே தம்பி, ஒவ்வொரு தரமும் திரியப் பத்தவைக்கிறப்ப எனக்குக் கொல நடுங்கும்டா. போன வெள்ளாமைல ஒரு பன்னி வெடிக்கு ஓடல. அங்கனயே நின்னு என்னையவே பாத்துச்சு."

"அப்பறம் ஏங்க்கா அங்கன கெடக்குற? ஒம் மகன்தான் எத்தன தரம் கூப்புட்டுட்டான்?"

"நான் இங்கன வந்துட்டா ஒன் சோளத்த யாரு பாப்பா?"

என் சோளத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதே சோளத்துக்காக அவள் வரப்பில் நின்றிருக்கிறாள். "சோளம் கெடக்கட்டும்க்கா. நீ இங்கனயே இரு" என்று கடைசியில் சொன்னேன். அதைச் சொல்ல மூன்று நான்கு வாணம் வெடித்து அடங்கும் நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா சரி என்று தலையாட்டினாள். மறுநாள் காலை நான் தனியாக ஊர் திரும்பினேன்.

கதிர் பால் பிடித்ததும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வரப்போரம் சோளத்தட்டைகள் சரசரத்தன. உள்ளே எத்தனை பன்றிகள் நிற்கின்றன என்று தெரியவில்லை. வெடியைத் தரையில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். திரி பற்றுவதற்குள் மூன்று குச்சிகள் ஒடிந்துபோயின.