இங்கிலாந்து போய்த் திரும்பி வந்த ரெண்டு ரூபா ஸ்டாம்ப்

எங்க ஊர்ப் பாலத்துக்கு இங்கிலாந்துக்கு மனு போட்டவ நான்தான்!

(சிரிக்காதீங்க. தொண்ணூறுகள்ல, ஒம்பதாங்கிளாஸ் படிக்கும்போது.)

தாமிரபரணி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்க வீடு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவுல ரெண்டு பனந்தடி. அதுதான் பாலம்!

ஐப்பசி மழையில தண்ணி தடிக்கு மேல போகும். பள்ளிக்கூடம் அம்புட்டுதான்.

பாலம் கேட்டா பஞ்சாயத்துல "வாய்க்கால் எங்களுது இல்ல"ன்னாங்க. வாய்க்கால் ஆபீஸ்ல "பாதை எங்களுது இல்ல"ன்னாங்க.

அப்பா முடிவே பண்ணிட்டாங்க. "இந்த மழைக்கும் பாலம் வரலன்னா பீடி சுத்தப் பழகுட்டி."

அந்தக் கோடையில லீவுக்கு வந்தா சித்தி. இங்கிலாந்துல நர்ஸ். வாய்க்கால்ல காலைத் தொங்கவிட்டுக்கிட்டு பையப் பேசுவா.

"அங்கன ரோடு, பள்ளிக்கூடம், லைப்ரரி எல்லாம் கவுண்டி கவுன்சில் பொறுப்பு பிள்ள. நம்ம ஜில்லா போர்டு மாதிரி. வயசானவங்க வீட்டுக்கு ஒத்தாசைக்கு ஆள் அனுப்பும். பள்ளிக்கூடம் போற வழி ஆபத்தா இருந்தா பிள்ளைக்கு வண்டியே விடும்."

எனக்கு அதுக்கு மேல காது கேக்கல. வயக்காட்டுக்கு நடுவுல ஒரு வெள்ளை வேன் மிதந்து வருது... உள்ள பூரா புஸ்தகம்... டிரைவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதார்...

கனவு கலையுமுன்னாடி, பஞ்சாயத்து, வாய்க்கால் ஆபீஸ் கதையெல்லாம் சேத்து மனு எழுதிட்டேன். தெரிஞ்ச இங்கிலீஷ்ல, 'உயர்திரு கவுண்டி கவுன்சில் துரை அவர்களுக்கு'ன்னு!

ரெண்டு ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒண்ணையும் குண்டூசியில குத்தினேன். (ஸ்டாம்ப் இல்லாத மனுவை நம்ம ஊர்ல யாரு தொடுவா?)

சித்தி சிரிக்காம வாங்கிப் பெட்டியில வெச்சா.

ஆவணியில பதில் வந்துச்சு!! உள்ள என் ஸ்டாம்ப்பும்.

அப்பாவுக்குத் தமிழ்ல வாசிச்சேன். "உங்க பாலம் எங்க எல்லையில இல்ல, வருந்துறோம். இங்கயும் குப்பையை எடுக்குறது ஒரு கவுன்சில், ஒழிக்கிறது இன்னொண்ணு. ஸ்டாம்ப்பைத் திருப்பி அனுப்பியிருக்கோம். எங்ககிட்ட கேக்குறதுக்குக் கட்டணம் கிடையாது."

அப்பா அந்தக் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. அதே ஸ்டாம்ப்பை ஒட்டிப் புது மனு!

அந்த மழைக்குப் பாலம் வரல. பனந்தடி முங்கிடுச்சு. பீடித்தட்டு எடுத்து வெப்பாங்கன்னு பயந்து மூலையில உக்காந்திருந்தேன்.

வாசல்ல சைக்கிள் பெல். அப்பா!

"அங்கன கவுன்சில் வண்டி விடுதுன்னா, இங்கன நான் விடுதேன். ஏறுட்டி!"

மதகு வழியா மூணு மைல் சுத்து. மழை முடியுற வரைக்கும் தெனமும்.

பாலம் அடுத்த வருசம் வந்துச்சு. வெள்ளை வேன் மட்டும் வரவே இல்ல.

(பாலம் வந்தப்போ ஊரே சந்தோசப்பட்டுச்சு. எனக்கு மட்டும் கேரியரை விட்டு எறங்க மனசில்ல!)