ஜன்னலில் தொங்கிய முதுகெலும்பு

போன வாரம் என் முதுகெலும்பு எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கியது. இரண்டு துணி கிளிப், பின்னால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து வெயில்.

எம்ஆர்ஐ ஃபிலிம்தான். எடுத்த கையோடு பெரிய உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள். அதுவரை நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

என் மனைவி கமலாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம். இடது கையும் காலும் ஓய்ந்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு, அங்கிருந்து குளியலறைக்கு — தூக்குவது நான். இடுப்பு வலித்தது, அதனால்தான் ஸ்கேன்.

ஜெஞ்சாரோமிலிருந்து வந்த கொழுந்தியாள் செல்வி ஃபிலிமை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தான், எலும்புக்கு நடுவுல ரெண்டு தட்டு கறுத்துப் போச்சு பாருங்க. ஒண்ணு பிதுங்கி வேற நிக்குது. இனி தூக்குனீங்க, நீங்களும் படுத்துருவீங்க. சனிக்கிழம வேன் கொண்டாரேன். அக்கா எங்க வீட்டுலயே இருக்கட்டும்லா."

"நீ கோழி வெட்டுறப்ப பாத்த எலும்பாடி இது?" என்றாள் கமலா கட்டிலிலிருந்து.

செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையாக நிலாத் துண்டுகள்... அதில் இரண்டு மட்டும் அமாவாசை. நாற்காலியை நகர்த்தக்கூடப் பயந்தேன். கமலாவைத் தூக்கப் பக்கத்து வீட்டு அம்மாவும் மகளும் வந்தார்கள். அவர்கள் தூக்கும்போது கமலா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கூடியது வலியா, பயமா?

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஃபிலிமைப் பார்த்தார். குனியச் சொன்னார், நடக்கச் சொன்னார். காலில் மரப்பு உண்டா, பலம் குறைந்ததா என்று கேட்டார். இல்லை.

"மெஷின் வந்த புதுசில நானும் உள்ள படுத்துப் பார்த்தனான். எனக்கும் இதே கறுப்பு, இதே பிதுக்கம். ஒரு நோவும் இல்லை. பின்னேரத்தில பேட்மின்டன் விளையாடுறன்."

"அப்ப என் வலி?"

"அது உண்மை. இந்தத் தட்டாலதான் எண்டு ஆர் சொன்னது?"

"தூக்கலாமா டாக்டர்?"

"முழங்காலை மடக்கி, ஆளை நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்கோ. பயந்து படுத்துக் கிடக்காதேங்கோ."

மெஷின் எலும்பைப் படம் எடுக்கிறது. வலியைப் படம் எடுக்கும் மெஷின் இன்னும் வரவில்லை. அதற்குள் நாம் தீர்ப்பு எழுதி, ஒருத்தியை ஊர் மாற்றவும் தயாராகிவிடுகிறோம். 'போகிறாயா?' என்று கமலாவை நான்கூடக் கேட்கவில்லையே!

அன்றே கேட்டேன்.

"நீங்க தூக்குவீங்கன்னா இங்கதான் இருப்பேன்" என்றாள்.

சனிக்கிழமை வேன் வந்தது. செல்வி வாசலிலேயே நின்றாள். முழங்காலை மடக்கினேன். கமலாவை நெஞ்சோடு அணைத்தேன். தூக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது. விடவில்லை.

"அக்கா, துணியெல்லாம் எடுத்து வைக்கலையா?"

"நீ தே தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள் கமலா, என் தோளில் இருந்தபடியே. பிறகு என் காதருகே ரகசியமாக: "ரொம்பக் கனக்குறேனா?"

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனவன் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் எந்த டாக்டர் சொன்னாலும் உண்மை பேசமாட்டேன்.